‘ரத்தம் தேவை’ பதிவுக்கு ஷேர் குவிகிறது, ஆள் வருவதில்லை

கேள்வி: 22 அக்டோபர் 2023, மாலை

அண்ணாச்சி, நெல்லையில் எங்கள் கல்லூரி என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) குழுவின் முகநூல் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டெங்கு சீசன் என்பதால் ரத்தம், தட்டணு (பிளேட்லெட்) என்று கேட்டு யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதிவு போட்டால் ஷேர் எகிறுகிறது, அழும் முகங்கள் குவிகின்றன, போன் மட்டும் வருவதில்லை. வந்தாலும் கோயம்புத்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வருகிறது. முதல் வரியிலேயே நெஞ்சைப் பிசைந்தால்தான் படிப்பவர்கள் நிற்பார்கள் என்கிறான் நண்பன். அப்படித்தான் எழுத வேண்டுமா?

22 அக்டோபர் 2023, இரவு

நெஞ்சைப் பிசைந்தால் நிற்பார்கள் என்பது உண்மைதான். நின்று என்ன செய்வார்கள்? அழும் முகத்தைத் தட்டிவிட்டு, ஷேர் பண்ணிவிட்டு, நம்மால் ஆனதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு அடுத்த பதிவுக்குப் போவார்கள். பதிவு அதைத்தானே கேட்டது!

உதாரணத்துக்கு, நெகட்டிவ் குரூப்காரர்கள் நம் நாட்டில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருப்பார்கள். அவர்களிலும் வயது 18க்கும் 65க்கும் இடையில் இருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது, ஹீமோகுளோபின் 12.5க்குக் கீழே போகக்கூடாது. கடைசியாகக் கொடுத்து ஆண் என்றால் மூன்று மாதம், பெண் என்றால் நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும். அதோடு அன்றைக்கு ஊரிலும் இருக்க வேண்டும். இத்தனையையும் கழித்துப் பார்த்தால் பாளையங்கோட்டையில் அந்த நேரத்துக்கு வந்து நிற்கக்கூடியவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரை மனதில் வைத்து எழுதுங்கள், தம்பி.

நீங்கள் போட்ட பதிவை அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

23 அக்டோபர் 2023, காலை

தம்பி ஒட்டியது இது:

‘அவசரம்!!! அவசரம்!!! மனிதாபிமானம் உள்ள ஒவ்வொருவரும் கட்டாயம் பகிரவும். இரண்டு பச்சைக் குழந்தைகளின் தாய் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார். உங்கள் ஒரு ஷேர் ஓர் உயிரைக் காப்பாற்றும். கடந்து போய்விடாதீர்கள் உறவுகளே. இன்று மாலைக்குள் ரத்தம் தேவை. வகை - ஓ-. இடம் நெல்லை.’

போனில் முகநூல் முதல் சில வரிகளைத்தான் காட்டும், மீதி மடங்கிக்கொள்ளும். இதில் வெளியே தெரிவது ‘உயிருக்குப் போராடி’ வரைக்கும்தான். குரூப், ஊர், நேரம் எல்லாம் மடிப்புக்குள்ளே. ஓ நெகட்டிவ்காரர் ஒருவர் வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறார். உங்களுக்கு வேண்டிய ஆள் அவர். அவரை நிறுத்த மடிப்புக்கு வெளியே ஒரு சொல்கூட இல்லை.

அப்புறம் அந்த ‘இன்று’. முகநூல் வழக்கமாகப் பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்ட பதிவு ஒருவருக்குச் செவ்வாய்க்கிழமை மேலே வரும். அவர் அதை அன்றைய ‘இன்று’ என்றுதான் படிப்பார். கிளம்பி வருவார், ஆஸ்பத்திரியில் அந்த நோயாளியே இருக்க மாட்டார். ஒரு தடவை இப்படி அலைந்தவர் அடுத்த பதிவை நம்புவாரா?

‘வகை - ஓ-’ என்பதைப் பாருங்கள். முதல் கோடு பிரிப்பதற்கு, இரண்டாவது கழித்தல் குறி. வாட்ஸ்அப்பில் எடுத்து ஒட்டும்போது அந்தக் கடைசிக் கோடு அடுத்த வரிக்கு ஓடிவிடும், சில நேரம் விழுந்தே போய்விடும். ‘நெகட்டிவ்’ என்று முழுதாக எழுதினால் ஐந்தே எழுத்து.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘ஓ நெகட்டிவ், 2 யூனிட். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனை ரத்த வங்கி. 23 அக்டோபர், திங்கள் மாலை 5 மணிக்குள். பாளை, டவுன், மேலப்பாளையம் பக்கம் இருக்கும் ஓ நெகட்டிவ்காரர்கள், கடைசியாகக் கொடுத்து மூன்று மாதம் (பெண்கள் நான்கு மாதம்) ஆகியிருந்தால் கூப்பிடுங்கள். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விட்டது.’

கீழே ஒரு எண். அது யாருடைய எண் என்று ஒரு சொல், ‘நோயாளியின் தம்பி’ என்பதுபோல. அவ்வளவு போதும். இன்று ஆயுத பூஜை, வெளியூரில் வேலை பார்க்கும் பையன்களெல்லாம் வீட்டில் இருப்பார்கள். உடனே மாற்றிப் போடுங்கள்.

23 அக்டோபர் 2023, இரவு

ஒருவர் வந்து கொடுத்தார், இன்னொரு யூனிட்டை ரத்த வங்கியே கொடுத்துவிட்டது என்று தம்பி எழுதியிருக்கிறார். நல்லது. வந்தவர் பதிவைப் பார்த்து வந்தாரா, யாராவது சொல்லி வந்தாரா என்று கேட்டு எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் கேளுங்கள். லைக் எண்ணிக்கையை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

25 அக்டோபர் 2023

‘ஷேர் கேட்பதில் என்ன தவறு, பரவினால்தானே ஆள் கிடைக்கும்’ என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். பரவட்டும். ஆனால் முதல் வேண்டுகோளாக ஷேரைக் கேட்காதீர்கள்.

1968இல் ஜான் டார்லி, பிப் லாட்டனே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தனித்தனி அறைகளில் இருப்பவர்கள் ஒலிபெருக்கி வழியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு வலிப்பு வருவதுபோலக் குரல் கேட்கும். தான் ஒருவன்தான் இதைக் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், வலிப்பு வந்தவர் பேசி முடிப்பதற்குள்ளேயே எழுந்து உதவிக்குப் போனார்கள். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் அப்படிப் போனது 31 சதவீதம்தான். இத்தனைக்கும் அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, பதறித்தான் போயிருந்தார்கள். வேறு யாராவது போயிருப்பார்கள் என்ற நினைப்பு காலைக் கட்டிப்போட்டது.

‘உறவுகளே’ என்று ஐயாயிரம் பேரை விளித்தால் நடப்பதும் அதுதான். ‘மேலப்பாளையத்தில் இருக்கும் ஓ நெகட்டிவ்காரர்கள்’ என்றால் அந்த ஆள் சுற்றிமுற்றிப் பார்க்கிறார், வேறு யாரும் இல்லை, தான்தான்.

2 நவம்பர் 2023

நான் எழுதிக் காட்டியது டெலிபோன் டைரக்டரி மாதிரி இருக்கிறது, இதில் எழுத்து எங்கே இருக்கிறது என்று ஒரு பதிவர் வருத்தப்பட்டிருக்கிறார். அவர் நன்றாக எழுதுகிறவர், அதனால் அதை ஒதுக்கிவிட மனமில்லை. இரண்டு மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவசரப் பதிவில் எழுத்து என்பது எதை முதலில் வைக்கிறோம் என்பதுதான். ‘பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விட்டது’ என்ற வரியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. குரூப்பும் ஊரும் நேரமும் பொருந்தியவர்தான் அதுவரை படிப்பார். போகலாமா வேண்டாமா என்று அவர் தயங்கும் இடத்தில் அந்த வரி நிற்கிறது. அங்கே அதற்கு வேலை இருக்கிறது. முதல் வரியாக வைத்தால் ஊரெல்லாம் அழுதுவிட்டுப் போய்விடும்.

உணர்ச்சிக்கே இடமில்லை என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று வேறு வகைப் பதிவு ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

9 நவம்பர் 2023

பேச்சு முதல் வரியைச் சுற்றியே போவதால் ஒன்று சொல்கிறேன். கண்ணைப் பிடித்து நிறுத்தும் கலை நமக்குப் புதிதல்ல. பெட்டிக்கடை வாசலில் தொங்கும் பத்திரிகை போஸ்டர்களைப் பாருங்கள். 1942இல் மதுரையில் ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கியபோது எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களையும் வாசகராக நினைத்தார். அந்த எளிமை போஸ்டரிலும் உண்டு. நாலைந்து சொல், அதில் ஒன்று பெரும்பாலும் ஊர்ப் பெயர். சைக்கிளில் போகிறவர் தன் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் காலை ஊன்றுவார். ஊர்ப் பெயரின் பலத்தை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் போஸ்டர் ஒன்றை மறைக்கும். யார், எப்படி என்பதைச் சொல்லாமல் விட்டால்தான் பத்திரிகை விற்கும். இணையத்தில் ‘அடுத்து நடந்ததைப் பார்த்தால் அதிர்ந்துபோவீர்கள்’ என்று எழுதுகிறவர்களும் மறைத்துத்தான் இழுக்கிறார்கள். இப்படி விஷயத்தை மறைக்கும் தலைப்புகளைக் கீழே தள்ளுவதாக முகநூல் 2014இலும் 2016இலும் அறிவித்தது. ‘தமிழனாக இருந்தால் ஷேர் செய்’ வகைகளின் முறை 2017 டிசம்பரில் வந்தது. லைக், ஷேர், கமெண்ட், டேக் ஆகியவற்றை மிரட்டியோ கெஞ்சியோ வாங்கும் பதிவுகளுக்குப் பார்வையைக் குறைப்போம் என்றார்கள். காணாமல் போன குழந்தையைத் தேடுவது போன்ற உண்மையான உதவிக் கோரிக்கைகளுக்கு அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கு நமக்கும் பொருந்தும். ஆனால் ‘கட்டாயம் பகிரவும், மனிதனாக இருந்தால் பகிரவும்’ என்று எழுதி, நாமே போய் மற்றக் கும்பலோடு ஏன் சேர்ந்துகொள்ள வேண்டும்?

ரத்தப் பதிவில் எதையும் மறைக்கக் கூடாது. பதிவை விட்டு எங்கேயும் போகாமலே கிளம்பத் தேவையான எல்லாம் அதிலேயே இருக்க வேண்டும்.

13 நவம்பர் 2023

தீபாவளிக்கு வந்த மருமகன் ட்விட்டர்காரன். ஒரு பதிவுக்கு 140 எழுத்துதான் என்றிருந்த பழைய காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தமிழுக்கு அது இன்னும் குறுகலாக இருந்தது. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் அங்கே தனி எழுத்தாகக் கணக்கில் சேரும். ‘பாளையங்கோட்டை’ நமக்கு ஏழெழுத்து, கணினிக்குப் பதின்மூன்று. 140இல் பதின்மூன்று ஊர்ப் பெயருக்கே போய்விடும். ‘பாளை’ என்றால் நாலோடு முடியும். தமிழில் எஸ்.எம்.எஸ். என்றால் ஒரு செய்திக்கு 70தான் இடம், அங்கே இன்னும் நெருக்கம். 2017 நவம்பரில் 280 ஆனதும் மூச்சு வந்தது.

அந்த நெருக்கடியில் எழுதிப் பழகியவர்கள் இன்றைக்கும் நல்ல ரத்தப் பதிவு எழுதுகிறார்கள். இடம் தாராளமாகக் கிடைத்த பிறகுதான் ‘உறவுகளே’ எல்லாம் உள்ளே வந்தது.

19 நவம்பர் 2023

படமா எழுத்தா? எழுத்து. சிவப்புப் பின்னணியில் துளி வரைந்து, நடுவில் எண்ணைப் போட்ட படம் அழகாக இருக்கும். ஆனால் அதிலிருக்கும் எண்ணை விரலால் தொட்டு அழைக்க முடியாது, பேப்பரில் எழுதி எடுத்துத்தான் போட வேண்டும். ‘கிடைத்துவிட்டது’ என்று பின்னால் திருத்தவும் முடியாது. எங்கள் வட்டத்தில் பார்வையில்லாத ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், தவறாமல் ரத்தம் கொடுக்கிறவர். அவர் போன் எழுத்தை வாசித்துக் காட்டுகிறது, இந்த மாதிரிப் படங்களில் தடுமாறுகிறது. படம் போட்டே ஆக வேண்டுமென்றால் அதே விவரத்தை எழுத்திலும் கூடவே போடுங்கள்.

6 டிசம்பர் 2023

சென்னை மழைச் செய்திகளால் இந்தப் பக்கம் வர முடியவில்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் என்று வந்துகொண்டே இருக்கின்றன. அதே நோய்தான். ‘முதியவர்கள் மாடியில் சிக்கியிருக்கிறார்கள், உடனே உதவுங்கள்.’ எந்தத் தெரு, எப்போது எழுதியது, மீட்டாயிற்றா, எதுவும் கிடையாது. 2015 வெள்ளத்தின் படம் ஒன்றும் எங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்தது.

21 டிசம்பர் 2023

இப்போது நம் பக்கமே. 17ஆம் தேதி தொடங்கி 18 வரை கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குப் பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. தாமிரபரணிக் கரையில் எங்கள் சொந்தக்காரர்கள் சிலர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள். எல்லாரும் நலம்.

இதை இங்கே எழுத ஒரு காரணம் உண்டு. கரண்டும் டவரும் போய்விட்டுத் திரும்ப வந்ததும் வாட்ஸ்அப்பில் சேர்ந்து கிடந்ததெல்லாம் ஒரே மூச்சாகக் கொட்டியது. நேற்றுக் காலை உதவி கேட்டவரும் ஐந்து நிமிடம் முன்னால் கேட்டவரும் திரையில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். ஃபார்வர்டு ஆனதில் தெரிவது அனுப்பியவரின் நேரம், எழுதியவரின் நேரம் இல்லை. எதை முதலில் எடுப்பது? ஒன்றிரண்டு பேர் மட்டும் ‘18 டிசம்பர், காலை 10.40 நிலவரம்’ என்று தொடங்கியிருந்தார்கள். அவற்றைத்தான் படகு வைத்திருந்த பையன்களுக்குத் தைரியமாக அனுப்ப முடிந்தது.

அக்டோபரில் தேதி போடுங்கள் என்று சொன்னேன். இப்போது மணியும் போடுங்கள் என்கிறேன். முதல் வரியிலேயே.

28 டிசம்பர் 2023

முடிந்த பதிவை என்ன செய்வது என்று கேட்டவருக்கு: அழிக்காதீர்கள். முகநூலில் மூலப் பதிவைத் திருத்தி, முதல் வரியாக ‘கிடைத்துவிட்டது, 28 டிசம்பர், இனி அழைக்க வேண்டாம்’ என்று போடுங்கள். ஷேர் செய்தவர்கள் பக்கத்திலும் அந்தத் திருத்தம் தெரியும். அழித்துவிட்டால், எடுத்து ஒட்டிய நகல்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், உண்மையைப் பார்க்க வருகிறவருக்கு மூலம் இருக்காது.

வாட்ஸ்அப்பில் இந்த வசதி கிடையாது. இந்த ஆண்டு மே மாதம் கொண்டுவந்த திருத்தும் வசதியும் 15 நிமிடத்துக்குத்தான். அதற்குள் செய்தி ஊர் தாண்டியிருக்கும். அதனால் அங்கே போகும் செய்திக்குள்ளேயே காலாவதி நேரம் இருக்க வேண்டும்: ‘இன்ன தேதி, மாலை 5க்குப் பிறகு அனுப்ப வேண்டாம்.’

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பாவுக்கு ரத்தம் கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டார்கள். அப்பா பிழைக்கவில்லை. காரியம் முடிந்து மாதக்கணக்கான பிறகும் மகளுக்குப் போன் வந்தது, ‘ரத்தம் கிடைத்துவிட்டதாம்மா?’ என்று. கேட்டவர்கள் எல்லாரும் நல்ல மனதோடு கேட்டவர்கள்தான். அந்தப் பெண் கடைசியில் எண்ணையே மாற்றிக்கொண்டாள். செய்தியில் ஒரு தேதி இருந்திருந்தால் அவளுக்கு இந்த வேதனை இல்லை.

7 ஜனவரி 2024

வேறு சில, வேகமாக.

பதிவு போடும் முன் ரத்த வங்கியைக் கேளுங்கள். பல நேரம் அவர்கள் கையிருப்பிலிருந்து கொடுத்துவிட்டு, ஈடாக எந்தக் குரூப்பானாலும் ஒருவர் கொடுத்தால் போதும் என்பார்கள். அப்போது ‘எந்தக் குரூப்பும் சரி’ என்று எழுதலாம், கதவு அகலமாகத் திறக்கும்.

எடுத்து வைத்த தட்டணுவுக்கு ஆயுள் ஐந்து நாள்தான். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று முன்கூட்டிப் பதிவு போட்டு ஆள் சேர்க்காதீர்கள். மருத்துவர் கேட்டபோது போடுங்கள்.

‘வருகிறேன், வண்டிச் செலவுக்கு மட்டும் ஜிபே பண்ணுங்கள்’ என்று கூப்பிடுகிறவருக்குப் பணம் அனுப்ப வேண்டாம். ரத்தத்தை விலைக்குக் கொடுப்பது 1998 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை. பதிவிலேயே ‘பணம் கேட்டால் நம்ப வேண்டாம்’ என்று சேர்த்தால் பதற்றத்தில் இருக்கும் குடும்பம் தப்பிக்கும்.

நோயாளியின் பெயர், படம், படுக்கை எண் வேண்டவே வேண்டாம். நோயின் பெயரைக்கூட வீட்டாரைக் கேட்காமல் எழுதாதீர்கள்.

8 ஜனவரி 2024

பாம்பே குரூப் என்றால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார் ஒருவர். 1952இல் பம்பாயில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர், இந்தியாவில் சுமார் பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கலாம். சாதாரணச் சோதனையில் ஓ என்றே காட்டும், ஆனால் ஓ ரத்தம் இவர்களுக்குச் சேராது. இதற்கு மட்டும் நான் சொன்ன ஊர் விதி பொருந்தாது. மாநிலம் தாண்டிக் கேட்க வேண்டும், அரிய வகைக் கொடையாளர் பட்டியல் வைத்திருக்கும் அமைப்புகளை ரத்த வங்கி மூலம் பிடிக்க வேண்டும். பதிவு இரண்டாவது வேலை.

21 ஜனவரி 2024

நவம்பரில் சொன்ன அந்த ‘வேறு வகைப் பதிவு’. அவசரம் எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில் போடுவது. இங்கே அவசரப்படாமல் எழுதலாம், எழுத்துக்காரர்கள் தங்கள் திறமையையெல்லாம் இங்கே காட்டலாம்.

போன வாரம் ஒரு பெண் எங்கள் பக்கத்தில் எழுதினார், கல்லூரி மாணவி, முதல் கொடை. ‘ஊசி போனதே தெரியவில்லை. பிளாஸ்திரியை உரித்தபோதுதான் கத்தினேன். கையில் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த அண்ணன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் பிஸ்கட்டும் ஜூஸும். வெளியே வந்து அம்மாவுக்குப் போன் பண்ணிய பிறகுதான் திட்டு விழுந்தது.’

‘ரத்த தானம் செய்வோம், உயிர்களைக் காப்போம்’ என்று எத்தனை முறை எழுதினாலும் இந்தப் பிளாஸ்திரி வரி செய்வதைச் செய்யாது. கொடுக்காதவர்களில் பலருக்கு மனம் இல்லாமல் இல்லை, உள்ளே போனால் என்ன நடக்கும் என்று தெரியாத பயம். அந்தப் பெண் கதவைத் திறந்து உள்ளே காட்டிவிட்டாள். கீழே ‘எனக்கும் வரணும், எங்கே?’ என்று கமெண்ட் போட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய குரூப்பையும் ஏரியாவையும் அங்கேயே கேட்டு வாங்கிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டோம்.

தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) உள்ள பிள்ளைகளுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ‘அவசரம்’ என்று பதிவு போட்டுக்கொண்டிருக்க முடியுமா? இந்த மாதிரி நிதானமான பதிவுகளால் சேரும் பட்டியல்தான் அந்தப் பிள்ளைகளைத் தாங்குகிறது. டைரக்டரி என்று சொன்ன அந்தப் பதிவரிடம் கேட்கிறேன்: உங்கள் முதல் கொடையைப் பற்றி எழுதித் தருகிறீர்களா? உங்களால் மிக நன்றாக எழுத முடியும்.

11 பிப்ரவரி 2024

அந்தப் பதிவர் எழுதி அனுப்பிவிட்டார், அருமையாக இருக்கிறது. ஏப்ரலில் போடுகிறேன்.

ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் தேர்வும் விடுமுறையுமாக இருக்கும், முகாம்கள் நடக்காது, ரத்த வங்கிகளில் இருப்பு இறங்கும். அந்த நேரத்துக்கு வேண்டிய பதிவுகளை இப்போதே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன். கொடுப்பது எப்படியிருக்கும் என்று சொல்லும் பதிவுகள் மாத முதல் பாதியில், கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களை ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பதிவுகள் இரண்டாம் பாதியில். தம்பி, உங்கள் கல்லூரியில் கடைசித் தேர்வு எந்தத் தேதி? அதற்கு முந்தைய வாரம் ஒரு முகாம் வைத்துவிட்டால், ஆகஸ்டுக்குள் அந்தப் பிள்ளைகள் மறுபடி கொடுக்கத் தயாராகிவிடுவார்கள்.